ஒரு நிமிஷ ஜெபம்

எங்கள் பள்ளிக்கூடத்தில் ஆமென் டீச்சர் என்றால்தான் அவரைத் தெரியும். பிள்ளைகள் வைத்த பெயர். ஒருமுறை அலுவலகக் கிளார்க்கே கைத்தவறுதலாக வருகைப் பதிவேட்டில் அப்படி எழுதித் தொலைத்து, பிறகு வெள்ளை மை பூசி மறைத்தார். டீச்சருக்கு அதில் வருத்தமே இல்லை. "நல்ல பேரா வச்சிருக்காங்களே, உன்னைக் கழித்தல்னுதானே கூப்பிடறாங்க" என்று என்னைத்தான் கிண்டல் செய்தார்.

நான் கணக்கு டீச்சர். அவர் வகுப்புக்கும் என் வகுப்புக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்பு மட்டும். பதினாலு வருஷம் அவர் சொன்னதை எல்லாம் கேட்டவள் நான். இந்தக் கதையில் எனக்கும் பங்கு உண்டு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொன்னால் தப்பிக்கப் பார்த்தாள் என்பீர்கள்.

அவருடைய அப்பாவும் வாத்தியார்தான், பிரம்பு வாத்தியார். டீச்சரின் இடது கைச் சுண்டுவிரல் இன்றைக்கும் நேராக நீளாது. "எங்கப்பா கிளாஸ்ல படிச்சதுக்கு சர்டிபிகேட்" என்று விரலைக் காட்டிச் சிரிப்பார். அவர் வேலைக்குச் சேர்ந்த அன்று அப்பா தன் பிரம்பைத் துடைத்துக் கையில் கொடுத்தாராம். இவர் அதை வாங்கிக்கொண்டுபோய் ரோஜாத் தொட்டியில் ஊன்றிச் செடியை அதில் கட்டிவிட்டார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அண்ணன் வீட்டு மாடியில் ஒற்றை அறை, அந்தத் தொட்டி, ஞாயிற்றுக்கிழமை சபை, மற்ற நாட்களில் ஆறாம் வகுப்பு. இருபத்தாறு வருஷம் இப்படியே போனது.

ஆறாம் வகுப்பு என்றால் எங்கள் பள்ளியில் புதுப் பிள்ளைகள். ஆறிலிருந்துதான் பள்ளியே தொடங்குகிறது. ஒவ்வொரு வருஷமும் நாற்பத்திரண்டு பெண் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் தெரியாமல், டீச்சரையும் தெரியாமல் வந்து உட்காருவார்கள். அந்த நாற்பத்திரண்டு பேரை ஒரு வகுப்பாக ஆக்கித் தருவதுதான் அவர் வேலை.

சபை நடத்தும் பள்ளி என்பதால் எல்லா வகுப்பிலும் காலையில் ஒரு நிமிஷம் ஜெபம். நான் அந்த மதத்தவள் இல்லை. என் வகுப்பில் ஒரு பிள்ளை அட்டையைப் பார்த்துப் படிக்கும், நான் பதிவேட்டில் கோடு போட்டுக்கொண்டிருப்பேன். அவர் அப்படி இல்லை. சாக்பீஸைக் கீழே வைப்பார். கண்ணாடியைக் கழற்றி மடித்து மேசைமேல் வைப்பார். கைகூப்பிக் கண்ணை மூடுவார். மூடினால் மூடியதுதான், ஆமென் சொல்லும்வரை திறக்கமாட்டார். ஒரு வருஷம் அலமாரி மேலிருந்த பூகோள உருண்டை தடாலென்று விழுந்து அவர் காலடிவரை உருண்டு வந்தது. பிள்ளைகள் அலறின. அவர் நிதானமாக ஜெபத்தை முடித்து, ஆமென் சொல்லி, அப்புறம்தான் குனிந்து பார்த்தார். அந்தக் கதை பள்ளி முழுக்கப் பரவி, அக்கா தங்கைகள் வழியாகப் புதுப் பிள்ளைகளுக்கும் போய்ச் சேர்ந்தது.

"பூனை கண்ணை மூடிக்கிட்டா பூலோகம் இருண்டு போயிடுமாக்கா? ஒரு கண்ணையாவது லேசா திறந்து வைங்க" என்று நான் சீண்டுவேன்.

"ஒருத்தர்கிட்டப் பேசிக்கிட்டு இருக்கும்போது வேற பக்கம் பார்ப்பியா நீ? அது மரியாதையா?" என்பார்.

மூன்று வருஷத்துக்கு முன்னால்தான் சனி பிடித்தது. அந்த வருஷப் பிள்ளைகள் அவர் தலையில் ஏறி மிளகாய் அரைத்தார்கள். பள்ளி ஆய்வாளர் வந்த அன்று வகுப்பில் ஒரே கூச்சல். யார் என்று கேட்டால் ஆளுக்கு ஆள் கை காட்டினார்கள். தலைமையாசிரியை அவரைக் கூப்பிட்டு, "டீச்சர், அன்பு இருக்கணும். ஆனா கிளாஸ் உங்க கையில இருக்கணும். அடுத்த வருஷமும் இப்படின்னா உங்களை லைப்ரரிக்கு மாத்திடுவேன்" என்று சொல்லிவிட்டார்.

லைப்ரரி என்றால் பூட்டிய இரண்டு அலமாரியும் ஒரு நாற்காலியும். அவர் அன்று மத்தியானம் கொண்டுவந்த ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துப் போட்டாரே ஒழியச் சாப்பிடவில்லை. "பிள்ளைங்க இல்லாம நான் என்னடி பண்ணுவேன்?" என்றார்.

அப்போதுதான் நான் மூக்கை நுழைத்தேன். "அக்கா, அடியாத மாடு படியாது. அடிக்க வேண்டாம், சரி. ஆனா முதல் மூணு மாசம் சிரிக்காதீங்க. ஒரு தப்பையும் விடாதீங்க. கயித்தை முதல்ல இறுக்கிப் பிடிச்சாத்தான் அப்புறம் விட்டுப் பிடிக்க முடியும். கருணை எங்க போயிடும்? மூணு மாசம் கழிச்சுக் காட்டுங்க."

அவர் ஏற்றுக்கொண்டார். என் பேச்சைக் கேட்டார்.

பள்ளி திறந்த அன்று பலகைக்கு அந்தப் பக்கம் வேறு யாரோ பேசுவது போலிருந்தது. "இந்த கிளாஸ்ல மூணே விதி. பெல் அடிச்ச பிறகு யாரும் உள்ள வரக்கூடாது. கேட்டாத்தான் பேசணும். ஜெபத்துல கண்ணை மூடணும், சத்தம் வரக்கூடாது. நடுவுல கண்ணைத் திறக்கிறது கடவுளுக்குச் செய்ற அவமரியாதை. நான் பார்க்கமாட்டேன். அவர் பார்ப்பார்." இடைவேளையில் ஓய்வறைக்கு வந்தார். "ஒரு குட்டி என்னைப் பார்த்துச் சிரிச்சுதுடி. நான் திரும்பிச் சிரிக்கலை. பாவமா இருந்துச்சு" என்றார்.

அந்தக் குட்டிதான் நான் சொல்லவரும் பிள்ளை. வகுப்பிலேயே சின்ன உருவம். அம்மா ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் வேலை, அப்பா இல்லை. சீருடையில் மடிப்பு கத்தி மாதிரி நிற்கும், அதனால் பிள்ளைகள் அவளுக்கு இஸ்திரி என்று பெயர் வைத்துவிட்டார்கள். இலவச இடத்தில் சேர்ந்தவள். எங்கள் பள்ளியில் வகுப்புக்கு இரண்டு இலவச இடம். அதற்கு ஒரு பட்டியல், பட்டியலில் எப்போதும் முப்பது பெயர் காத்திருக்கும். இலவச இடத்துப் பிள்ளைமேல் மூன்று புகார்க் கடிதம் போனால் இடம் போயிற்று. காசு கட்டிப் படிக்கிற பிள்ளைக்கு இந்த விதி இல்லை. ஏன் என்று கேட்டால் கட்டுப்பாடு என்பார்கள்.

இரண்டாம் வாரம் ஒருநாள், அவர் ஜெபத்தின் நடுவே "ஆ!" என்று ஒரு குரல். என் பக்கம்வரை கேட்டது. டீச்சர் நிறுத்தவில்லை. முடித்து, ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தார். நாற்பத்தொரு பிள்ளைகள் கைகூப்பிக் கண்ணை மூடிச் சிலை மாதிரி இருந்தார்கள். இஸ்திரி மட்டும் எழுந்து நின்றுகொண்டிருந்தாள்.

"என்ன?"

"குத்துச்சு டீச்சர்."

"என்ன குத்துச்சு?"

"தெரியலை டீச்சர். கண்ணை மூடியிருந்தேன்."

மறுநாளும் அதே குரல். டீச்சர் திட்டவில்லை. பெஞ்சில் ஆணி நீட்டிக்கொண்டிருக்கும் என்று நினைத்து, மத்தியானம் அவரே முட்டிபோட்டுப் பலகையின் அடிப்பக்கமெல்லாம் கையால் தடவிப் பார்த்தார். திருப்தி இல்லாமல் தச்சரை வரச் சொன்னார். தச்சர் பெஞ்சைக் கவிழ்த்து, விளிம்பை இழைத்து, எழுந்து முதுகை நிமிர்த்திக்கொண்டு, "டீச்சர், இந்த பெஞ்சுல தூங்கலாம். அவ்வளவு வழவழப்பு" என்று சொல்லிப் போனார்.

மூன்றாம் நாளும் "ஆ!" அவளை முதல் பெஞ்சுக்கு மாற்றினார். அங்கேயும் அதே கதை. ஜன்னல் ஓரத்துக்கு மாற்றினார். மாறவில்லை. ஜெபத்தில் மட்டும்தான் கத்துவாள். மற்ற நேரமெல்லாம் இருக்கிற இடம் தெரியாது. பக்கத்துப் பிள்ளைகளைக் கேட்டால், "சிரிப்பு காட்டறதுக்குக் கத்தறா டீச்சர். எங்களுக்கு ஜெபமே பண்ண முடியலை" என்று ஒரே குரலில் சொன்னார்கள். நானே ஒரு கணக்கு போட்டேன்: இடம் மாறியும், பக்கத்து ஆள் மாறியும் விஷயம் மாறவில்லை என்றால் கோளாறு பிள்ளையிடம்தான். அதை அவரிடம் சொல்லவும் செய்தேன். மகா புத்திசாலி நான்.

முதல் கடிதம் போனது. "எழுத மனசே வரலைடி" என்றார். இரண்டு வாரம் கழித்து இரண்டாவது. அந்த நாட்களில் அவரைப் பார்க்கச் சகிக்காது. வகுப்பில் இறுகிய முகம், ஓய்வறைக்கு வந்ததும் தலையைக் கையில் தாங்கிக்கொண்டு உட்காருவார். "அந்தப் பிள்ளையைத் தனியாக் கூப்பிட்டு மடியில உட்கார வச்சுக் கேட்கணும் போல இருக்கு" என்பார். "மூணு மாசம்னு சொன்னேனே அக்கா. இப்ப விட்டீங்கன்னா நாப்பத்தொண்ணும் கைய விட்டுப் போயிடும்" என்பேன். தலைமையாசிரியை தினமும் வராந்தாவில் நடந்துபோவார். வகுப்பு அமைதியாக இருந்தது. ஒரு நிமிஷத்தில் ஒரு "ஆ" மட்டும்.

மூன்றாவது கடிதத்துக்கு முந்தைய நாள் இஸ்திரி ஓய்வறை வாசலில் வந்து நின்றாள். நானும் இருந்தேன். முழங்கால்வரை இழுத்துவிட்ட கறுப்புச் சாக்ஸ், கத்தி மடிப்புப் பாவாடை. ஒரு காலை இன்னொரு காலின் பின்னால் ஒளித்து வைத்துக்கொண்டு நின்றாள்.

"டீச்சர், நாளைலேர்ந்து ஜெபத்தப்போ மட்டும் நான் வெளியில நிக்கட்டுமா? முடிஞ்சதும் உள்ள வந்துடறேன்."

அவர் முகம் சிவந்துபோனது. அவரை எது சொன்னாலும் பொறுப்பார், ஜெபத்தைச் சொன்னால் பொறுக்கமாட்டார். "ஜெபம் உனக்குத் தொந்தரவா இருக்கா?" என்றார்.

அவள் ரொம்ப யோசித்து, "ஆமா டீச்சர்" என்றாள்.

"எழுதுங்க அக்கா. ஒருத்திக்காக நாப்பத்தொரு பேரைக் கெடுக்கணுமா?" என்றது யார் என்று நினைக்கிறீர்கள்? நான்தான். வெள்ளிக்கிழமை கடிதம் போனது. சாயங்காலமே அம்மா வந்து கையெழுத்து போட்டு அழைத்துப்போனார். சண்டை பிடிக்கவில்லை. அழவும் இல்லை. போகும்போது டீச்சரைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார்.

எங்கள் பள்ளியில் மற்றதெல்லாம் ஆமை வேகம், இலவச இடம் மட்டும் குதிரை வேகம். பட்டியலில் அடுத்த பிள்ளை திங்கட்கிழமை காலையே வந்துவிட்டது. டீச்சர் அதற்கும் அதே மூன்று விதியைச் சொல்லி, இஸ்திரி இருந்த இடத்தில் உட்காரவைத்தார். கண்ணாடியைக் கழற்றி வைத்தார். ஜெபம் தொடங்கி இரண்டு வாக்கியம்கூட முடியவில்லை.

"ஆ!"

அதே இடத்திலிருந்து அதே குரல் மாதிரி. ஆனால் தொண்டை வேறு.

அவர் கண்ணைத் திறந்துவிட்டார். இருபத்தாறு வருஷத்தில் முதல்முறை. கண்ணாடி இல்லாததால் எல்லாம் மங்கலாகத்தான் தெரிந்ததாம். ஆனாலும் தெரிந்தது. புதிதாக வந்த பிள்ளை கண்ணை இறுக மூடிக்கொண்டு உதட்டைக் கடித்து அழுதுகொண்டிருந்தது. மற்ற நாற்பத்தொரு பிள்ளைகளும் கண்ணை அகலத் திறந்து வைத்திருந்தார்கள். அழுகிற பிள்ளையை ஒருத்தியும் பார்க்கவில்லை. எல்லோரும் டீச்சரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெஞ்சுக்கு அடியில் ஒரு கை இன்னொரு கைக்குக் காம்பஸைக் கொடுத்துக்கொண்டிருந்தது.

"திறந்துட்டாங்க!" என்று மூன்றாவது பெஞ்சில் ஒருத்தி கத்தினாள். பந்தயத்தில் ஜெயித்தவள் அவள்தான்.

ஜெபம் பாதியில் நின்றதைப் பலகைக்கு இந்தப் பக்கம் கேட்டு நான் ஓடிப்போனேன். டீச்சர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் வகுப்புத் தலைவியைப் பிடித்து உலுக்கினேன். "இஸ்திரி உங்களை என்ன பண்ணினா? ஏன்டி அந்தப் பிள்ளையைக் குத்தினீங்க?"

"அவ மேல கோபம் எல்லாம் இல்லை மிஸ். டீச்சர் கண்ணைத் திறக்கறாங்களான்னு பந்தயம். எங்கக்கா சொன்னா, உருண்டை விழுந்தப்பக்கூடத் திறக்கலைன்னு."

"அவளை ஏன்டி குத்தணும்?"

"அவ ஒருத்திதான் மிஸ் நிஜமாவே கண்ணை மூடுவா. யார் குத்தினான்னு அவளுக்குத் தெரியாது."

அதைச் சொன்ன பிள்ளை பத்து வயது. பொய் சொல்லத் தெரியாத முகம். டீச்சர் அதைக் கேட்டுவிட்டு, மேசைமேலிருந்த கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

தலைமையாசிரியையிடம் இருவரும் போனோம். அவரும் கெட்டவர் இல்லை, உச்சுக்கொட்டினார். "ஆனா நான் என்ன பண்ண முடியும்? இடம் கொடுத்தாச்சு. இன்னைக்கு வந்த பிள்ளையை வெளிய அனுப்பவா? நாப்பத்தொரு பேரையும் அனுப்பவா? அடுத்த வருஷம் பட்டியல்ல பேர் கொடுக்கச் சொல்லுங்க" என்றார். அவர் இடத்தில் நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். அதுதான் எனக்கு எரிகிறது.

அன்று சாயங்காலம் இஸ்திரியின் வீட்டைத் தேடிப் போனோம். டயர் கடைக்கு மேலே, வெளிப்பக்கப் படிக்கட்டு ஏறினால் ஒரு அறை. ஒரு கயிற்றில் துணி, ஒரு கட்டில், அடுப்பு. அம்மா எங்களுக்கு நாற்காலியைத் துடைத்துப் போட்டார். டீச்சர் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். ஒன்றையும் மறைக்கவில்லை, பெஞ்சைத் தடவிப் பார்த்ததையும் சொன்னார். "மரத்தைத் தடவிப் பார்த்தேம்மா. பிள்ளை காலைத் தடவிப் பார்க்கலை. சாக்ஸைக் கீழ இறக்கிப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? பார்க்கலையே" என்றார்.

அம்மா தரையைப் பார்த்தபடியே பேசினார். "கறுப்புச் சாக்ஸும்மா. மேல பார்த்தா தெரியாது. தண்ணியில போட்டா செவப்பா இறங்கும். கேட்டேன். சிவப்பு மை கொட்டிடுச்சுன்னா. நான் ஆஸ்பத்திரித் துணி துவைக்கிறவ. எனக்குத் தெரியாதா மை எது, ரத்தம் எதுன்னு? தெரியும்." கயிற்றில் தொங்கிய துணியை இழுத்து நேராக்கினார். "கேட்டு வந்தா இடம் போயிடுமோன்னு பயம். அப்புறம், டீச்சர் ஜெபம் பண்றவங்க, நல்லவங்க, அவங்க பார்த்துக்குவாங்கன்னு விட்டுட்டேன்."

திட்டியிருக்கலாம். கதவைச் சாத்தியிருக்கலாம். அப்படிச் செய்திருந்தால் டீச்சர் தாங்கியிருப்பார் என்று நினைக்கிறேன்.

இஸ்திரி கட்டிலின் அந்தப் பக்கம் தலையணை உறைகளை மடித்துக்கொண்டிருந்தாள். பள்ளி இல்லாததால் அம்மாவுக்குக் கூடமாட வேலை. டீச்சர் அவள் முன்னால் முட்டிபோட்டு உட்கார்ந்து மன்னிப்பு கேட்டார். "பரவாயில்லை டீச்சர்" என்றாள் அவள், பாடம் ஒப்பிப்பது மாதிரி. டீச்சர் அவள் தலையில் கைவைத்தார். இருபத்தாறு வருஷப் பழக்கம், வேறு என்ன செய்யத் தெரியும் அவருக்கு? "ஒரு நிமிஷம் ஜெபம் பண்ணலாமாம்மா?" என்று கேட்டுக் கண்ணை மூடினார்.

நான் மூடவில்லை, அதனால் பார்த்தேன். அந்தப் பிள்ளை ஓசைப்படாமல் அவர் கைக்கு அடியிலிருந்து நழுவிப் பின்னால் போனது. முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டது. இரண்டு காலையும் பாவாடைக்குள் இழுத்துக்கொண்டு, இமைக்காமல் எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றது. டீச்சரின் கை வெறுங்காற்றில் நீட்டியபடி இருந்தது. அவர் கண்ணைத் திறந்தார். பார்த்தார். ஆமென் சொல்லவில்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

படி இறங்கும்போது, "உன்மேல தப்பு இல்லைடி" என்றார். நான் கேட்கவே இல்லை, அவராகச் சொன்னார். கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். நான் அன்று ராத்திரி அழுததும் அந்த ரகம்தான்.

அடுத்த வருஷம் பட்டியலில் பெயர் கொடுக்க அம்மா வரவில்லை. டீச்சரே போய்க் கேட்டார். அறையில் வேறு குடித்தனம் இருந்தது. ஆஸ்பத்திரியில் விசாரித்தால் வேலையை விட்டு எங்கோ போய்விட்டார்கள் என்றார்கள்.

டீச்சரை லைப்ரரிக்கு மாற்றவில்லை. ஏன் மாற்றப்போகிறார்கள்? ஆறாம் வகுப்பு இப்போது ஊசி விழுந்தால் கேட்கும். வருஷக் கூட்டத்தில் தலைமையாசிரியை அவரை எழுப்பி நிறுத்தி, கட்டுப்பாடு என்றால் என்னவென்று இவரிடம் கற்றுக்கொள்ளுங்கள் என்றார். எல்லோரும் கைதட்டினோம். நானும் தட்டினேன். பிள்ளைகள் பழைய பெயரை மறந்துவிட்டார்கள், போலீஸ் டீச்சர் என்கிறார்கள். யாரையும் கண்ணை மூடச் சொல்வதில்லை அவர். ஜெபம் நடக்கும்போது கண்ணாடியைக் கழற்றாமல் பெஞ்சுகளுக்கு நடுவே நடக்கிறார், குனிந்து குனிந்து கால்களைப் பார்த்துக்கொண்டே. அட்டையைப் பார்த்து ஒரு பிள்ளை படிக்கிறது, என் வகுப்பில் மாதிரியே.

தினமும் அந்த ஒரு நிமிஷம் நான் பதிவேட்டை மூடி வைத்துவிட்டுப் பலகையில் காதை வைத்துக் கேட்கிறேன். கடைசியில் நாற்பத்திரண்டு பிள்ளைகள் ஆமென் சொல்கின்றன. அதில் அவர் குரல் இல்லை.